தேங்காய் வண்டிக்கு முதல் வழி

ஆவணி 3, திங்கள்

இதுவரை இந்த டைரியில் மழை பெய்த நாளும் மாடு சினைக்கு விட்ட நாளும் மட்டும்தான் எழுதிவந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கேஸ் என்று வந்தால் எந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். வக்கீல் வீட்டு மனுஷிக்கு இது தெரியாமல் இருக்குமா.

காலையில் தோப்புக்குப் போனேன். வண்டித்தடத்தின் குறுக்கே இரும்புக் கால் நட்டு, கம்பி வலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் காலத்திலும் அவருடைய அப்பன் காலத்திலும் மாட்டு வண்டி போன தடம். அதை விட்டால் என் தென்னந்தோப்புக்கு வேறு வழி கிடையாது. தடத்தின் இரண்டு பக்கமும் இருந்த சோளக்காட்டை ஒரு கோல்ஃப் கிளப்பு வாங்கிப் புல் வளர்த்தபோதே மறிக்கப் பார்த்தார்கள். நான் கேஸ் போட்டேன். என் பேரன் ரகுபாலன் பேசி ஸ்டே வாங்கினான். கேஸ் முடிகிற வரைக்கும் தடத்தில் ஒருத்தனும் கை வைக்கக் கூடாது என்று ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட ஸ்டே. அது இருக்கும்போதே வலை கட்டியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்.

கிளப்பு வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன். "தம்பி, இந்த வலை இன்னம் நாலு நாளைக்குத்தான். எம்பட பேரன் ஐகோர்ட்டு வரைக்கும் பேசறவன்."

"எனக்கென்னங்க ஆத்தா தெரியும். கட்டுன்னாங்க, கட்டியிருக்குது."

ஐகோர்ட்டில் அவன் இன்னும் பேசவில்லை. பேசுவான்.

ஆவணி 4, செவ்வாய்

ரகுபாலனுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தான். அவன் எப்போதும் என் போனை உடனே எடுப்பான். பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் மகன் அப்படி இல்லை.

"எங்க கண்ணு இருக்கறே?"

"பார்ல இருக்கறனுங்க அம்மிச்சி," என்றான். சிரிப்பது போல இருந்தது. பின்னால் மைனா கத்தியது. கோர்ட்டில் வேப்பமரம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். வக்கீல்கள் எல்லாம் உட்காருகிற இடத்துக்குப் பார் என்று பெயர்.

வலை கட்டின சங்கதியைச் சொன்னேன்.

"அடுத்த வாய்தாவுல பாத்துக்கலாமுங்க அம்மிச்சி. நீங்க அங்க போயி ஆருகிட்டயும் வாயி குடுக்காதீங்க."

"வாய்தா எப்படா?"

"அடுத்தது வந்து... பதினெட்டாந்தேதி. நம்ம ஆவணி பதினெட்டு. செவ்வாக்கெழம."

வாய்தா என்றால் அடுத்த தேதி. கேஸ் இப்படித்தான் நடக்கும். கோர்ட்டுக்கு அவசரம் கிடையாது. தெரியாதவர்கள்தான் அலட்டிக்கொள்வார்கள்.

ஆவணி 7, வெள்ளி

செவ்வாய்க்கிழமையிலிருந்து மழை இல்லை. நாட்டுமருந்துக் கடையில் கார்போக அரிசித் தைலம் வாங்கி வைத்தேன். ஆடி நோம்பிக்கு வந்தபோது ரகுபாலனின் இடது கையைப் பார்த்துவிட்டேன். மணிக்கட்டு வரைக்கும் வெளுத்திருக்கிறது. அதற்கு மேலே முழங்கை வரை கருகிக் கிடக்கிறது. வலது கை முழுக்க ஒரே கறுப்பு. கேட்டால் வெயில் என்கிறான். வெயில் ஒரு கையில் மட்டும் படாமல் விடுமா. ஆரம்பத்திலேயே தைலம் தேய்த்தால் பரவாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் இப்படி ஒரு வெளுப்பு வந்திருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி 14, வெள்ளி

தேங்காய் வெட்ட மாரப்பன் வந்தான். வலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

"தலச்சொமையா எடுத்தா எனக்குக் கட்டாதுங்க ஆத்தா. வண்டி தோப்புக்குள்ள போவோணும். மொதல்ல உங்க பேரன் வக்கீலு தடத்தத் தொறந்து உடட்டும், அப்பறம் வாறன்."

"செவ்வாக்கெழம வாய்தா. முடிஞ்சுரும்."

"நீங்களும் ரண்டு வருசமா வாய்தா வாய்தாங்கறீங்க. வாய்தா பாட்டுக்குப் போவுது, வலை பாட்டுக்கு வருது."

அவனுக்கு வாய் அதிகம். அவன் மகன் கோழிக்கடையில் நிற்கிறான், அந்த வயிற்றெரிச்சல்.

வலை ஓரமாக நுழைந்து தோப்புக்குள் போய்வந்தேன். விழுந்த காய்களில் முளை விட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நானே கோர்ட்டுக்குப் போய் உட்காருவது என்று முடிவு பண்ணினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வெயில், பஸ் கூட்டம், வேண்டாம் என்பான். கறுப்பு அங்கி போட்டு அவன் பேசி நான் பார்த்ததே இல்லை.

ஆவணி 18, செவ்வாய்

விடிந்ததும் பஸ் ஏறினேன். தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டேன். அவன் மத்தியானம் கண்டதைத் தின்கிறான்.

கோர்ட்டில் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். டவாலி வராண்டாவில் நின்று ஒவ்வொரு பேராகக் கத்தினார். ஒரு பேரை மூன்று முறை. பேருக்கு உரியவர்கள் ஓடி வந்தார்கள். என் பேர் வரவில்லை. ரகுபாலனும் வரவில்லை. எல்லாரும் சாப்பிடக் கலைந்த பிறகு, கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"கரட்டுத்தோட்டம் தெய்வாத்தாளா? வண்டித்தடம் கேஸுங்களா? அது சித்திரையிலயே போயிருச்சுங்களே ஆத்தா."

"போயிருச்சுன்னா?"

"தள்ளுபடி. வாதி தரப்புல ஆரும் வல்ல. பேரக் கூப்புட்டுப் பாத்தாங்க. நீங்களும் இல்ல, வக்கீலும் இல்ல. ஜட்ஜ் தள்ளுபடி பண்ணிட்டாரு. ஸ்டேவும் அதோட போச்சு."

"எம் பேரையா கூப்புட்டாங்க?"

"பின்ன? டவாலி தொண்ட கிழியக் கத்தியிருப்பாரு."

வேறு ஏதாவது தெய்வாத்தாள் இருக்கும் என்று சொன்னேன். என் வக்கீல் ரகுபாலன், அவன் வாய்தா தவற விடுகிறவன் இல்லை என்றும் சொன்னேன்.

அந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவரு கோர்ட்டுப் பக்கம் வந்தே வருசத்துக்கு மேல ஆச்சுங்களே. பேப்பர்ல எழுதறாருங்க. ஞாயித்துக்கெழம வருமே, கோல்ஃபு. நல்லா எழுதறாருன்னு எங்க ஜட்ஜே சொல்லுவாரு."

சித்திரையில் என் பேரைக் கத்தின அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்தக் குமாஸ்தாதான் பொன்மணி என்கிற வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். சின்ன வயதுதான், ஆனால் வளவளவென்று பேசாத பெண். கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், தாமதம் ஆகிவிட்டது, வராததற்குச் சரியான காரணம் வேண்டும் என்றாள். இரண்டு பேருமாகத் தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டோம். உப்பு கம்மியாக இருந்தது.

ஆவணி 19, புதன்

மாட்டுக்குத் தவிடு வாங்கினேன். மயிலாத்தாள், "கோர்ட்டுல என்ன ஆச்சுங்கக்கா?" என்று கேட்டாள். வாய்தா என்றேன்.

ஆவணி 22, சனி

ரகுபாலனை வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு வந்தான். அவனுடைய ஏழு வயதில் என் மகள் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் அப்பன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகு, இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று விட்டேன். அரிசிம்பருப்புச் சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"செவ்வாக்கெழம கோர்ட்டுக்குப் போயிருந்தேன்," என்றேன்.

கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் சொன்னான். போன வருடம் ஆனியிலேயே வக்கீல் தொழிலை விட்டுவிட்டானாம்.

"பார்ல இருக்கறேன்னியேடா. இந்த மாசங்கூடச் சொன்னே."

"பொய் சொல்லலீங்க அம்மிச்சி. பார்லதான் இருந்தேன். கோல்ஃப்ல ஒவ்வொரு குழிக்கும் இத்தன அடின்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க. அந்தக் கணக்குல முடிச்சா அதுக்குப் பேரு பார்."

வக்கீல் பாருக்கும் அதே எழுத்து. சாராயம் விற்கிற பாருக்கும் அதே எழுத்து. இதற்கும் அதே எழுத்தாம். நான் படித்த அஞ்சாம் வகுப்புக்குள் இந்தப் பார் வரவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். அவன் கண் மாறியது. சாமி கும்பிடுகிறவன் கண் மாதிரி.

"நம்ம தடத்த அளக்கறதுக்குக் கோர்ட்டுலருந்து கமிஷனர் வந்தாருங்கல்ல, அன்னைக்கு. அவரு அந்தப் பக்கம் அளந்துட்டிருந்தாரு. கிளப்பு மேனேஜர் சும்மா ஒரு மட்டையக் கையில குடுத்து, அடிச்சுப் பாருங்க வக்கீல் சாருன்னாரு. அடிச்சேன். சத்தமே இல்லீங்க. பந்து பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"நம்ம தோப்புக்குள்ள."

என் கேஸுக்குத் தடம் அளக்கப் போன இடத்தில் இந்தக் காரியம்.

"விட்டதச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்களே. ஒருக்கா, இந்தத் தொழில் எனக்கு ஒத்து வல்ல, எழுதலாம்னு இருக்குதுன்னு சொன்னேன். நான் செத்தப்பறம் என்னமோ பண்ணிக்கோ, அதுக்கு முன்னால கோட்டக் கழட்டுனா கெணத்துல உழுந்துருவேன்னீங்க."

அது ஒரு பேச்சுக்குச் சொல்வது. எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதுதான். அதை ஒரு காரணம் என்று தூக்கிக்கொண்டு வருகிறான்.

"சித்திரையில கேஸு தள்ளுபடி ஆச்சே, அன்னைக்கு எங்கிருந்தே?"

சுவரைப் பார்த்தான். "இங்கதானுங்க."

"இங்கன்னா?"

வாசல் பக்கம் கையைக் காட்டினான். வலைக்கு அந்தப் பக்கம். "டோர்னமெண்ட்டு நடந்துச்சுங்க. எழுதறதுக்கு வந்திருந்தேன். தேதி மறந்து போச்சுங்க அம்மிச்சி. சத்தியமா மறந்துட்டேன்."

மறந்தது என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் பேரை அங்கே கத்தும்போது இவன் கூப்பிடுகிற தூரத்தில் புல்லில் நின்றுகொண்டிருந்திருக்கிறான். சித்திரை வெயில். ஒரு வாய்த் தண்ணி குடிக்கக்கூட இந்த வாசலுக்கு வரவில்லை.

போகும்போது கையைக் கேட்டுப் பார்த்தேன். இடது கையில் உறை மாட்டி அடிப்பார்களாம். அதுதான் வெளுப்பு. தைலத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்க மாட்டார்.

ஆவணி 23, ஞாயிறு

அவன் எழுதினதையெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். படிக்கக் கூடாது என்று இருந்தேன். பால் கறந்துவிட்டு வந்து படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு வேகமாகவே படிக்க வரும்.

மேலே படம். கீழே, வழக்கறிஞர் ரகுபாலன் என்று பேர். ஒன்று மட்டும் திரும்பப் படித்தேன். இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாதாம். ஒருத்தன் புதருக்குள் பந்தை அடிக்கக் குனிகிறான். மட்டை படுவதற்கு முன்பே பந்து ஒரு நூல் அசைந்துவிடுகிறது. பார்த்தவர் யாரும் இல்லை. அவனே வெளியே வந்து, பந்து அசைந்தது, என் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறான். அந்த ஓர் அடியில் கோப்பை போய்விடுகிறது. 'யாரும் பாராத இடத்தில் தன் தவற்றைத் தானே சொல்பவனுக்காக உண்டான ஆட்டம் இது' என்று முடித்திருக்கிறான்.

படித்து முடித்ததும் மனசு இளகிவிட்டது. இப்படி எழுதுகிறவன் மனசில் கள்ளம் இருக்காது. மறந்துதான் போயிருப்பான். மத்தியானம் போன் போட்டு, நாளைக்கு வக்கீலம்மாவிடம் வா, மனுப் போடணும் என்றேன். வருகிறேன் என்றான்.

ஆவணி 24, திங்கள்

வந்தான். கேஸ் கட்டையும் கொண்டுவந்து கொடுத்தான், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியும் கொடுத்தான். அது வரைக்கும் சரி.

பொன்மணி பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தாள். "வராததுக்குக் காரணம் என்னன்னு போடறதுங்க?"

இவன் முந்திக்கொண்டான். "மூட்டு வலி, எந்திரிக்க முடியாமப் படுத்திருந்தாங்கன்னு போட்டுருங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம். எப்பவும் போடறதுதான், ஜட்ஜும் கண்டுக்க மாட்டாரு."

"ஆருக்குடா மூட்டு வலி?"

"ஒரு பேச்சுக்குங்க அம்மிச்சி."

"நான் ஒரு நாளும் படுத்தவளில்ல. ஊரே பாத்திருக்குது. வாட்ச்மேனே சொல்லுவான். பேரன் வாய்தாவச் சொல்லல, அதனால நான் வல்லைன்னு போடச் சொல்லு. அதான நடந்தது?"

"அப்படிப் போட்டா எம் பேருக்குத்தானுங்க கெடுதல்."

"நீ எழுதியிருக்கறயேடா, ஆரும் பாக்காட்டியும் நம்ம தப்ப நாமளே சொல்லோணும்னு."

"அது ஆட்டம் அம்மிச்சி."

"இது?"

"இது கோர்ட்டு."

பொன்மணி பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தெய்வாத்தாள் என்று முழுசாக. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கைநாட்டு.

அவன் என்னைப் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனான். கோபம் என்று தெரிந்தது. சின்ன வயதிலும் கோபம் வந்தால் இப்படித்தான் நகத்தைக் கடிப்பான்.

புரட்டாசி 10, வியாழன்

வாய்தா. இந்தத் தடவை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பழைய வக்கீல் என்ன சொல்கிறார், எழுதிக் கொடுக்கட்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். வக்கீலும் தப்பை ஒத்துக்கொண்டால் கேஸ் கட்டாயம் திரும்பி வரும் என்கிறாள் பொன்மணி.

புரட்டாசி 12, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டேன். ரகுபாலன் வரவில்லை. போனில், "பாத்துக்கறனுங்க அம்மிச்சி," என்றான். ஒத்துக்கொள்வான். சோற்றை மயிலாத்தாளுக்குக் கொடுத்தேன்.

புரட்டாசி 24, வியாழன்

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆயிற்று.

இன்றைக்கு டவாலி என் பேரைக் கத்தினார். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டேன். ரகுபாலன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கி இல்லை, சாதாரணச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை.

கிளப்பு வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். ரகுபாலன் எழுதிக் கொடுத்தது. ஒத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

'வழக்கின் வாய்தா தேதியை மனுதாரரிடம் நேரில் தெரிவித்தேன். வயது முதிர்வு காரணமாக வழக்கை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை, விட்டுவிடு என்று அவர் என்னிடம் வாய்மொழியாகக் கூறினார். அதன் பேரிலேயே நான் ஆஜராகவில்லை.'

எனக்கு முதலில் மனுதாரர் என்றால் வேறு யாரோ என்று பட்டது. பொன்மணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதில்தான் நான் என்று புரிந்தது.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "அம்மா, வழக்க விட்டுடச் சொல்லி உங்க பேரன்கிட்ட சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் தடம் போகும். இல்லை என்று சொன்னால் இவன் கோர்ட்டில் பொய் எழுதிக் கொடுத்தவன் ஆவான். திரும்பி அவனைப் பார்த்தேன். இப்போது அவனும் என்னைப் பார்த்தான். சொல்லிவிடுங்க என்கிற மாதிரி தலையை ஒரு பொட்டு அசைத்தான். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்து, வாத்தியார் முன்னால் நின்று என்னைப் பார்ப்பானே, அதே பார்வை. அப்போதெல்லாம் நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"இல்லீங்க சாமி. நான் அப்படிச் சொல்லல," என்றேன்.

கிளப்பு வக்கீல் எழுந்தார். "அப்ப உங்க சொந்தப் பேரனே பொய் சொல்றார்னு சொல்றீங்களாம்மா?"

"ஆமாங்க. சின்னதுலயே பொய் சொன்னா அவனுக்குக் காது செவந்துரும். இப்பவும் செவந்துதான் இருக்குது, பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் திரும்பி அவன் காதைப் பார்த்தார்கள். நான் சிரிக்கிறதுக்குச் சொல்லவில்லை.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. கேஸைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகவும், பழைய ஸ்டே மறுபடி நடப்புக்கு வருவதாகவும் சொன்னார். வலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். ஜெயித்தாயிற்று. பொன்மணிக்குக் கண்ணெல்லாம் தண்ணி.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் நின்றிருந்தான்.

"ஒரு வார்த்த ஆமான்னிருந்தாப் போதுமுங்களே அம்மிச்சி. இனி பார் கவுன்சில்ல ஆராவது புகார் போட்டா எம்பட வக்கீல் சனதே போயிரும்."

"நீதான் வக்கீலே வேண்டாம்னு வந்துட்டியே. அப்பறம் சனது எதுக்கு?"

"பேப்பர்ல பேருக்கு முன்னால போடறாங்கல்லீங்களா. அதுலதான் ஒரு மதிப்பு. கிளப்புல உள்ள விடறதும் அதுக்காகத்தான்."

"அந்தக் காகிதம் ஆரு எழுதுனது?"

"அவங்க வக்கீலு எழுதிக் குடுத்தாரு. நான் கையெழுத்துத்தான் போட்டேன்."

"படிச்சுப் பாத்தியா?"

"பாத்தனுங்க."

படிக்காமல் போட்டேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதற்குத்தான் கேட்டேன்.

"அந்தத் தோப்பு எனக்கப்பறம் ஆருக்குடா?"

"எனக்குத் தோப்பு வேண்டாமுங்க அம்மிச்சி. எப்பவுமே வேண்டாம்."

"வாங்க, கார்ல உட்டர்றேன்," என்றான் அப்புறம். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். உட்கார இடம் கிடைத்தது.

புரட்டாசி 25, வெள்ளி

கறவை மாடு பால் மறக்கிறது. காலையில் அரைப்படிகூட இல்லை.

ஐப்பசி 4, ஞாயிறு

வலையைப் பிரித்துவிட்டு இரும்புக் கேட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டு இல்லை. மாரப்பன் வண்டியோடு வந்தான். வண்டிக்கு முன்னால் நான் நடந்தேன். தொப்பி போட்ட நாலைந்து பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு, நாங்கள் கடந்து போகிற வரைக்கும் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் ரகுபாலன் இருந்தானா என்று நான் பார்க்கவில்லை. நேராக நடந்தேன்.

"வக்கீல் பேரன் தொறந்து உட்டுட்டாருங்களா ஆத்தா?" என்றான் மாரப்பன். தெரிந்தே கேட்கிறான்.

"வக்கீலம்மா தொறந்துச்சு. நீ மாட்ட ஓட்டு."

ஐப்பசி 18, ஞாயிறு

மயிலாத்தாள் பேப்பரோடு ஓடி வந்தாள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்து உட்கார வைத்தேன். படிக்கட்டுமா என்றாள். எனக்கே படிக்கத் தெரியும் என்று வாங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் எங்கள் தடத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். பேருக்கு முன்னால் இருக்கிற 'வழக்கறிஞர்' இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கும்.

ஒவ்வொரு மைதானத்துக்கும் அந்த ஊருக்கு ஏற்ற ஒரு தனி விதி உண்டாம். ஓரிடத்தில் மான் குறுக்கே வந்தால் நிற்க வேண்டுமாம், ஓரிடத்தில் ரயில் போனால் நிற்க வேண்டுமாம். இந்தக் கிளப்பில் இப்போது ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம்: 'தேங்காய் வண்டிக்கு முதல் வழி. வண்டி கடக்கும் வரை ஆட்டத்தை நிறுத்தவும்.' உலகத்தில் வேறெங்கும் இல்லாத விதி என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறான். அப்புறம் இப்படி:

'பச்சைப் புல்லின் நடுவே செம்மண் தடம். மாட்டு வண்டிக்கு முன்னால் ஒரு மூதாட்டி நடந்து வருகிறார். இடம் வலம் பார்ப்பதில்லை. பந்து எங்கே, ஆள் எங்கே என்ற கவலை இல்லை. அவர் கடந்து மறையும் வரை நாங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் யார், எங்கே போகிறார் என்று இங்கே ஆடுபவர்களில் பலருக்குத் தெரியாது.'

அழகாக எழுதியிருக்கிறான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் நடக்கிற நடை அப்படியேதான் இருக்கிறது.

ஒரு மூதாட்டி.

மயிலாத்தாள் முறுக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, இது நீங்கதானுங்க? உங்களப் பத்தித்தான எழுதியிருக்குது?"

"இல்ல மயிலா," என்றேன். "அது அவன் எங்கயோ பாத்த ஆரோ ஒரு கெழவி."